கூண்டு மாற்றம்

“விடிஞ்சா போதும், எலி ஏன் குட்டி போடலைன்னு பாக்கக் கிளம்பிடுறே. உன் வயித்தை எப்பம்மா பாக்கப் போறே?” என்றபடி, திருக்கருகாவூர் கோயில் நெய்யை மருமகள் இசைவாணியின் முன் வைத்தாள் காளியம்மாள்.

தஞ்சாவூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளின் விந்தணு வளர்ச்சியை ஆராய்பவள் இசைவாணி. பக்கத்தில் அவள் கணவன் வளவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“சில ஆண் எலிக்கு உயிரணுவே வராது அத்தை. செல் எப்பப் பிரியணும்னு சொல்ற ஜீன் கெட்டிருக்கும். பிரிய வேண்டிய செல் பாதியிலேயே நின்னு செத்துடும். வெளியில பாத்தா எலி கொழுகொழுன்னுதான் இருக்கும்.”

“அப்ப குறை ஆண் எலிகிட்டன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அதே கூண்டுல வேற பெண் எலியை விடுவோம். அதுவும் குட்டி போடலைன்னா, முதல்ல இருந்ததை வேற ஆண்கூட விட்டுப் பாப்போம். அங்க போய் அது குட்டி போட்டுச்சுன்னா, குறை யார்கிட்டன்னு தெரிஞ்சிடும்.”

“நல்ல படிப்புதான் போ.”

“குத்தாலத்துல மறுகல்யாணம் பண்ணிக்கிட்ட தேன்மொழிக்கு ஆம்பளப் புள்ளை பொறந்திருக்காம் அத்தை.”

வளவனின் கை தட்டிலேயே நின்றது. தேன்மொழி அவனுடைய முதல் மனைவி. இதே நெய்யைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மலடி என்று சொல்லிக் காளியம்மாள் விவாகரத்து வாங்கி அனுப்பிய மருமகள்.

காளியம்மாள் நெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மகனைப் பார்த்துச் சொன்னாள்:

“அடுத்ததாவது படிக்காத பொண்ணா பாக்கணும்டா.”