காலிக் கட்டம்

“கடலோரக் காவல் படிவத்துல ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க. அவசரத்துக்கு என் நம்பரை எழுதுங்க” என்றாள் மனைவி.

ஜெட் ஸ்கியில் தனியாகத் தீவுக்குப் போய், கூடாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் திரும்புவது கணவனின் திட்டம்.

“பெட்ரோல்?”

“போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு.”

“இந்த லைஃப் ஜாக்கெட் சின்னதா இருக்கே?”

“துணிப் பையில கட்டத்தான். தவறி விழுந்தா மிதக்கணும்ல?”

அவன் முன்யோசனையில் அவளுக்குப் பெருமை.

மாலையில் கடலோரக் காவல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

“ரெண்டு பேரும் பத்திரமா தீவுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா.”

“ரெண்டு பேரா?”

“ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டிருந்தாரு. நாங்கதான் கேட்டு எழுதினோம். உடன் வருபவர், மகள், வயசு ஆறு.”

கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை.

“ஹலோ, பாப்பாவோட அம்மாதானே பேசுறீங்க?”