இரண்டு பேர் வேலை

“பச்சை லைட் எரியுதா?”

ட்ரெய்லர் பக்கமிருந்து ஜெயலீலா கேட்டாள். ஐம்பத்து மூன்று நாட்களில் கணவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“இல்ல,” என்றான் பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டிலிருந்த ஆபேல். “லீவரை அமுக்குறேன். அங்க வீல்ல சத்தம் வருதா?”

அவள் சக்கரத்தருகே குனிந்து காது கொடுத்தாள். “வரல.”

கேட்டி என்ற ஊரில், அவர்கள் வீட்டு டிரைவ்வேயில்தான் இந்தக் கூத்து. படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள கேம்பர் ட்ரெய்லரை வண்டியில் மாட்டி இழுத்துப் போவதென்றால், அதற்கு பிரேக் பிடிக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்த வேண்டும். பொருத்தியாகிவிட்டது. இணைப்பு சரியென்றால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அதிலுள்ள லீவரை அமுக்கினால் ட்ரெய்லர் சக்கரத்தில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் வேண்டும்.

சண்டைக்குக் காரணமே அந்த ட்ரெய்லர்தான். ஆபேல் அதை வீட்டில் மூச்சு விடாமல் வாங்கிவிட்டு, “சம்மர் முழுக்க டூர்” என்று சர்ச்சில் எல்லார் முன்னாலும் அறிவித்தான். ஜெயலீலாவுக்கே அங்கேதான் தெரிய வந்தது. அன்று மூடிய வாய். அப்புறம் எல்லாப் பேச்சும் மகள் ரெனிஷா மூலம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருவரும் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். மற்றதெல்லாம் கர்த்தருக்கே வெளிச்சம்.

இன்று ரெனிஷாவும், “ஐ ஆம் நாட் யுவர் மெயில்பாக்ஸ்” என்று சொல்லிவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டாள்.

“கிரவுண்ட் வயர் லூஸா இருக்கும், செக் பண்ணுங்க.” ஜெயலீலா எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்.

ஆபேல் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். “டைட் பண்ணிட்டேன். இப்ப?”

“வரல. லைட்டு?”

“எரியல.”

வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“வாங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவ.”

“சொல்லியிருக்க மாட்டேன். அன்னைக்கு சர்ச்ல விசாலாக்ஷி ஆன்ட்டி வந்து கங்கிராட்ஸ் சொன்னப்போ, ஒண்ணும் புரியாம அசடு மாதிரி சிரிச்சிட்டு நின்னேன். அதுதான் வலிச்சுது.”

லீவரிலிருந்து அவன் கை நழுவியது. அந்தச் சிரிப்பைப் பார்த்து, அவளுக்குச் சந்தோஷம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

“தப்புதான் லீலா. சாரி.”

“இன்னொரு தடவை அமுக்குங்க,” என்றாள். குரல் இளகியிருந்தது.

“வருதா?”

“வரல.”

இப்படியே ஏழெட்டுத் தடவை. நடுநடுவே ரெனிஷாவின் காலேஜ் பற்றிப் பேச்சு வந்தது. முதலில் மலைக்குப் போவதா, கடலுக்குப் போவதா என்று சின்ன வாக்குவாதமும் வந்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கடைசியில் ஜெயலீலா வியர்வையைத் துடைத்தபடி டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள். ஆபேல் சட்டென்று பெட்டியைக் கையால் மறைத்தான். விரலிடுக்கில் பச்சை வெளிச்சம் தெரிந்தது.

“எப்பலேருந்து எரியுது?”

அவன் தலைகுனிந்தான். “நீ முதல்ல கேட்டப்பவே. எரியுதுன்னு சொன்னா உள்ள போயிடுவியோன்னு...”

அவள் கோபப்படவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“சத்தமும் அப்பலேருந்தே வருது.”