கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள்

"பத்து நாளா வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கலை. பெத்த பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை. இவருக்கு இங்க என்ன ஜெபம் வேண்டிக்கிடக்கு?"

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஞாயிறு பள்ளி அறையைப் பார்த்து, உள்ளே இருந்தவரின் மனைவி கத்தினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"மாமா பெரிய பரிசுத்தவான் ஆயிட்டாருக்கா," என்றான் அவள் தம்பி. "நாளைக்கே சிறகு முளைச்சு ஜன்னல் வழியா பறந்துடுவாரு பாரு."

மாமாவின் கட்டைக் குரலிலேயே, "பரலோகத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஜன்னலோர சீட்டா பாத்து!" என்று பேசிக் காட்டினான். மனைவிக்கே உதட்டோரம் சிரிப்பு வந்து போனது.

மகள் சிரிக்கவில்லை. போன தடவை கணக்கில் நாலு மார்க்கில் போனவள். இந்தத் தடவையும் போனால் நர்ஸ் படிப்பு கனவுதான்.

கதவருகே போனாள்.

"அப்பா, கணக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன். தலையில கை வச்சு ஒரு ஜெபம் மட்டும் பண்ணுங்கப்பா."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது.

"வீட்டுக்குப் போம்மா."

"ஒரே நிமிஷம்ப்பா..."

"போன்னு சொல்றேன்ல!"

அவள் அழுதுகொண்டே ஓடினாள்.

"கல்லு. சுத்தக் கல்லு," என்றபடி மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

முற்றத்தில் நின்ற போதகருக்கே பொறுக்கவில்லை. கதவைத் தட்டித் திறக்க வைத்தார்.

"என்ன மனுஷங்க நீங்க? தனியா ஜெபிக்கணும்னு கேட்டீங்க, இடம் குடுத்தேன். பிள்ளையை அழ வச்சிட்டு அது என்ன ஜெபம்?"

"சோதனையில விழாம இருக்கத்தான் ஐயா."

"பெத்த பொண்ணைப் பாக்குறதுல என்னய்யா சோதனை?"

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் பிரஸ்ல பிழை திருத்துறவன். முதல் பக்கம் இல்லாம ஒரு ப்ரூஃப் வந்துச்சு. முழுசாப் படிச்சப்புறம்தான் எந்தப் பரீட்சைன்னு புரிஞ்சுது. அத்தனை கேள்வியும் மண்டையில நிக்குது ஐயா."

போதகர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அதுக்காக ஓடி ஒளியணுமா? வீட்டுலயே திடமா இருங்க. ஆண்டவர் பலம் தருவார்."

"தருவார். ஆனா அவ கேள்வித்தாள்ல வராத பாடத்தை மாங்குமாங்குன்னு படிச்சிட்டு இருப்பா. பக்கத்துல உக்காந்துகிட்டு ஒரு தடவைகூட கனைக்காம இருக்க என்னால ஆகாது ஐயா."

போதகர் மெதுவாக மேஜை மேலிருந்த பூட்டை எடுத்தார்.

"வெளிப்பக்கமா பூட்டிடட்டுமா?"

"பூட்டுங்க. நாளைக்குப் பரீட்சை ஆரம்பிக்கிற வரைக்கும், நான் அழுதாக்கூட திறந்துடாதீங்க."