தீயைப் பார்க்கும் கம்பி

ஓசூர் சிப்காட் ஷெட்டின் ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி சின்னராஜ் மேசைக்குப் பின்னால். பிரவீனா கம்ப்யூட்டர் முன்னால். பர்னரைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடி கதவோர ஸ்டூலில், மூடிய கைக்குள் கம்பியோடு.

தீ எரிகிறது என்று, தன்னில் ஓடும் சிறு கரண்ட்டால் பர்னருக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது சொல்லாவிட்டால் கேஸ் நின்றுவிடும். லீவு முடிந்து திறந்ததிலிருந்து, பற்றிய தீ உடனே அணைகிறது.

"கடைசியா கழட்டி மாட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப கோளாறு உங்கிட்டயா, கம்பியிலயா? உங்கிட்டன்னா இன்னிக்கே வேற வேலை பாத்துக்க."

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"கம்பியிலதான் சார்."

"பிரவீனா, கம்பி வித்த பெங்களூர் கம்பெனிக்கு லெட்டர் அடி. மட்டமான சரக்குன்னு போடு. கம்பியையும் அனுப்பலாம், அவங்களே பாக்கட்டும்."

பொற்கொடி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"வேண்டாம் சார். ஒருக்கா துடைச்சி மாட்டிப் பாக்கறனே."

"துடைக்காதன்னு அன்னிக்கே சொன்னேன்ல? குடு இப்படி."

விரல்களைப் பிரித்தாள். ஆயுத பூஜையன்று முதலாளி தன் கையால் அப்பிய சந்தனமும் குங்குமமும் கம்பியின் பீங்கானில் அப்படியே இருந்தன. கம்பியின் கரண்ட் அந்தப் பூச்சு வழியாகக் கசிவதால்தான் தீ அணைகிறது. அதை யார் அவரிடம் சொல்வது?

சின்னராஜ் கம்பியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். லெட்டரோடு சேர்த்துக் கவரில் போட்டு, ஒட்டி, கூரியர்காரரிடம் கொடுத்தார்.