அறுபத்தெட்டு

அவள் வளைவிலிருந்து வெளியே வந்தாள்.

முதல் சுற்று முடியப்போகிறது. ஏழு பேரில் இரண்டாவது. இன்னும் ஒரு சுற்றுதான்.

நான் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் என் மனைவியின் ஸ்டாப் வாட்ச்.

"நேரஞ் சொல்ல ஒரு ஆள் வேணும் சார்" என்று அந்தப் பெண் வீட்டுக்கே வந்து கேட்டிருந்தாள். "டீச்சர் நிக்கிற மாதிரி கோட்டுகிட்ட நின்னு, சத்தமாச் சொன்னாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

டீச்சர் என்றால் என் மனைவி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான்கு வருடம் இவளை ஓடவைத்தவள்.

இறந்து மூன்று மாதம்.

ஓடிவந்தவள் கோட்டைக் கடந்தாள்.

"அறுபத்தெட்டு!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மூன்று மாதத்தில் இவ்வளவு சத்தமாக எதையும் சொல்லவில்லை.

இந்தக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எண்ணூறு மீட்டருக்கு இரண்டே இடம். ஃபீஸ் இல்லை. ஹாஸ்டல் உண்டு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கட்டடங்களைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுபாதையில் கால் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை முதல் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை. பெயர் கொடுத்தாயிற்று.

இரண்டாவது சுற்றில், எதிர்ப்பக்க நேர்கோட்டில்தான் அது நடந்தது.

அவள் காலடிகள் குறுகின.

தோள் தொய்யவில்லை. தலை ஆடவில்லை. எதையோ பிற்பாடு வேண்டும் என்று எடுத்துவைப்பதுபோல, வேகத்தைக் குறைத்தாள்.

முதலில் போனவள் விலகிப் போனாள். மூன்றாவது வந்தவள் இவளைத் தாண்டினாள்.

என் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் மாமா. வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தார். "யம்மா முப்பத்தொண்ணு, பஸ்ஸு போயிட்டு. இனி நடந்தே வா" என்று கத்திவிட்டுச் சிரித்தார்.

முப்பத்தொன்று அவள் சட்டையில் குத்தியிருந்த எண்.

கடைசி நூறு மீட்டர் அவள் ஓடியதை நான் மறக்க மாட்டேன். உடம்பில் அத்தனையும் மீதி இருந்தது.

மூன்றாவது. இரண்டாவதுக்கு ஒரு கை நீளம்.

நேராக என்னிடம்தான் வந்தாள். முழங்காலில் கையூன்றிக் குனிந்தாள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"நெசமாவே அறுபத்தெட்டா சார்?"

வாட்சைக் காட்டினேன். முதல் சுற்றின் நேரம் அதில் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"டீச்சர் எப்பவும் ரெண்டு செகண்டு கூட்டித்தான் சொல்லுவாங்க. வெரசா ஓடணும்னு. நான் மனசுக்குள்ள ரெண்டு கழிச்சுக்கிடுவேன்."

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

நான் சொன்ன அறுபத்தெட்டிலும் அவள் இரண்டைக் கழித்திருக்கிறாள். அறுபத்தாறு. அந்த வேகத்தில் போனால் கடைசியில் விழுந்துவிடுவோம் என்று பயந்திருக்கிறாள்.

"நீ கழிக்கிறது டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?"

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தினமும் வந்து கேட்பார். வலி பத்துக்கு எத்தனை? என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்று என்பாள். மூன்றுதானே என்று நான் கீழே இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

ஒருநாளும் அந்த மூன்றோடு எதையும் கூட்டிப் பார்த்ததில்லை.

கல்லூரியின் பயிற்சியாளர் எங்களை நோக்கி வந்தார். வெயில் தொப்பி, கையில் பட்டியல்.

"ஏன் சார், உங்க பிள்ளை நல்லா வந்துட்டு இருந்தா. அந்தப் பக்கம் போனதும் ஏன் பிரேக் போட்டா? காலுல எதும் அடியா?"

"இல்ல மேடம். நேரத்த நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல கோச்சு" என்றார்.

பட்டியலைப் பார்த்தார்.

"எண்ணூறு முடிஞ்சது. ரெண்டு பேரை எடுத்தாச்சு. ஆயிரத்தைந்நூறுல ஒரு இடம் கெடக்கு. பதினொண்ணரைக்கு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓடுற பிள்ளைகளைத்தான் கோட்டுல நிக்க விடுவேன். இவ என்ன டைம்?"

அவள் ஆயிரத்தைந்நூறு ஓடியதே இல்லை.

எனக்குப் பின்னால் அவள் மூச்சு நின்றது.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டல் தெரிந்தது. ஜன்னல் கம்பிகளில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவரைப் பார்த்தே சொன்னேன்.

"நாலு அம்பத்தெட்டு."

அவர் எழுதிக்கொண்டார். திரும்பிப் போனார்.

நான் அவளைப் பார்த்தேன். கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

பிறகு கையை எடுத்தாள்.

"இதுல எவ்வளவு கூட்டிக்கிடணும் சார்?"



அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஷூ நாடா இரண்டையும் அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.