கால்களை எண்ணிய பெருச்சாளி

ஆலைச் சுவருக்கு அடியில் எட்டு வளைகள் விலைக்கு வந்தன. வேலைக்கு ஆள் கூடினால் சாப்பாடு சிந்தும், சிந்தினால் எலிகள் குடிவரும், வாடகையாகக் கடலை தரும் என்று ஒரு பெருச்சாளி கணக்குப் போட்டது. ஆனாலும் பயம். அதனால் ஆலை வாசல் சாக்கடைக்குள் உட்கார்ந்து, மூடியின் கம்பி இடுக்கு வழியாகப் பத்து நாள் கால்களை எண்ணியது. முதல் நாள் நாற்பது ஜோடி. பத்தாம் நாள் இருநூறு! ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த வளைக்காரச் சொந்தக்கார எலியிடம் தன் கடலை முழுவதையும் கொடுத்து எட்டையும் வாங்கிவிட்டது.

ஒரு வாரமாகியும் ஒரு பருக்கைகூட விழவில்லை. பெருச்சாளிக்குத் தூக்கம் போயிற்று. வாசல் கம்பத்துக் காக்கையிடம் கேட்டது.

"அண்ணே, இவ்வளவு பேர் வர்றாங்களே, சாப்பாட்டு டப்பாவை எங்கதான் திறக்கறாங்க?"

"டப்பாவா? நீ காலை மட்டும்தான் பார்த்தியா தம்பி?" காக்கை சிரித்தது. "கையில எல்லாம் ஃபைலு. உள்ள இருந்தவங்கள்ல பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இவங்க வேலை கேட்டு வாசல்லயே நிக்கிறவங்க. நானே வேற இடம் பார்க்கிறேன்."

அந்த நேரம் பார்த்து, மூன்று குட்டிகளோடு ஒரு சுண்டெலி வந்து நின்றது.

"ஐயா, வளை வாடகைக்கு இருக்காமே? இங்க ஆளுங்க நிறைய வர்றாங்களா?"

பெருச்சாளி குட்டிகளைப் பார்க்காமல் சொன்னது: "நாளுக்கு நாள் கூடுதும்மா. நானே உட்கார்ந்து எண்ணினேன்."