அசையாத ரிவிட்

"மூணு நாளா ஒரே ஒரு ரிவிட்டைக் கழட்டிக்கிட்டு இருக்கியா? பல் டாக்டர்கிட்ட விட்டிருந்தாக்கூட இந்நேரம் பிடுங்கிப் போட்டிருப்பார்!"

லாரி ஓனர் பட்டறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தார். அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டில் பேச முடியாததை எல்லாம் வெளியில் பேசித் தீர்த்துக்கொள்கிறார் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

மெக்கானிக் லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"வாங்க ஓனரே. வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கு."

"எங்கே நடக்குது? படுத்துக்கிட்டுல்ல இருக்கு!"

லாரித் தொழிலில் லோடு பிடிப்பது, கணக்குப் பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் ஓனரின் வீட்டம்மாதான். இவருக்கு ஓனர் என்கிற பேர் மட்டும். அந்த அம்மா புதிதாகக் கண்ணாடி ஏற்றுகிற வேலை ஒன்றைப் பிடித்திருந்தார். பழைய இரும்பு ஸ்பிரிங் பட்டையோடு ஓடினால் குலுக்குகிற குலுக்கலில் கண்ணாடி போய்ச் சேரும்போது தூளாகத்தான் சேரும். அதனால் பட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பை மாட்டச் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தார்கள்.

பட்டை வந்துவிட்டது. அதைத் தாங்கும் பிராக்கெட்டை லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருந்த ரிவிட் ஆணிகளும் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. கடைசி ஒன்றுதான் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"தலையை வெட்டியாச்சு ஓனரே. உள்ளே இருக்கிற தண்டுதான் வர மாட்டேங்குது. கம்பெனியில அமுக்கி அடிச்சது. ஓட்டைக்குள்ள ஊதிப்போய் உட்கார்ந்திருக்கு."

"கேஸ் வச்சுச் சூடு காட்டேன்."

"சேசிஸ் பலம் போயிடும். நாளைக்கு வண்டி நடுவுல வளைஞ்சா, நீங்க வந்து என்னை வளைப்பீங்க."

"ட்ரில் போடு."

"ரெண்டு பிட்டு உடைஞ்சாச்சு."

"ஆயில் ஊத்து."

"ஊத்தி ஊற வச்சிருக்கேன்."

"ஊற வச்சு? துவைச்சுக் காயப் போடப் போறியா?"

செல்போன் அடித்தது. எடுத்ததும் ஓனரின் குரல் பாதியாகிவிட்டது.

"ஆமாம்மா... பட்டறையிலதாம்மா... ஆளைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்... சரிம்மா."

வைத்ததும் குரல் பழையபடி வந்துவிட்டது.

"கண்ணாடி அடுத்த வாரம்தான். அதுக்குள்ள தூரத்து டிரிப் ஒண்ணு அடிச்சுட்டு வரணும்னு அவ குதிக்கிறா. வண்டி இங்கே கிடக்கு, டிரைவர் வீட்ல கிடக்கான். அவனுக்கென்ன, காலை நீட்டிப் படுத்திருப்பான் மகராசன்!"

மெக்கானிக் தலையை மறுபடி லாரிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நகருய்யா. உளியைக் கொடு, சம்மட்டியைக் கொடு."

"ஐயோ வேண்டாம் ஓனரே, இடுப்பு பிடிச்சுக்கும்."

"நான் கிளீனரா இருந்து மேல வந்தவன். என் இடுப்பைப் பத்தி நீ கவலைப்படாதே."

"சொன்னாக் கேளுங்க ஓனரே... மெதுவா..."

யார் கேட்டார்கள்? உளியை ரிவிட் மேல் வைத்து, பல்லைக் கடித்து, மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டார் ஓனர்.

ரிவிட் அந்தப் பக்கம் பறந்துபோய்த் தகர டப்பாவில் 'ணங்' என்று விழுந்தது. ஓனர் அடித்த வேகத்தில் தடுமாறி டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்தியா! ஒரே அடி! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

மீசையை முறுக்கியபடி போய் ரிவிட்டை எடுத்தார். வீட்டம்மாவிடம் காட்ட வேண்டாமா? ஆனால் அது கையில் நிற்காமல் வழுக்கியது. துடைத்துப் பார்த்தார். சுற்றிலும் புது கிரீஸ். ஊதிப் போயிருக்கிறது என்று சொன்ன தண்டு, அரம் போட்டு ராவி வழவழவென்று மெலிந்திருந்தது. கிளீனராக இருந்து வந்தவருக்கு இதுகூடவா புரியாது?

"இது எப்பய்யா வந்துச்சு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"முந்தாநாளே வந்திடுச்சு."

"கழட்டினதைத் திருப்பிச் செருகி வச்சியா? ரிவிட்டை வச்சே எனக்கு ரிவிட் அடிச்சிருக்கியே, பாவி!"

"திட்டுங்க ஓனரே. முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க. உங்க டிரைவர் மக இருக்காளே, அவளுக்கு இப்பதான் பேச்சு வந்திருக்கு. எப்பவாவது மனுஷன் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே, புள்ளை அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, 'லாரி மாமா டாட்டா'ன்னு வாசலைக் காட்டுதாம். வண்டியை இங்கே விட்டுட்டுப் போக வந்தப்ப அவரு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சொல்லிட்டு அந்தப் பக்கம் போய் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. எனக்கு மனசு கேட்கலை."

ஓனர் அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்துதான் பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சாம். இன்னைக்குக் காலையில மீசையைப் பிடிச்சு இழுத்துச்சாம். இன்னும் ரெண்டு நாள் வண்டி நின்னா, 'அப்பா' வந்திடும் ஓனரே."

"இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு நாடகம்? லீவு கேட்டிருக்கலாமே அவன்!"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

'புள்ளைகுட்டி எல்லாருக்கும்தான் இருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்த ஓனர், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மறுபடியும் செல்போன். ஓனர் கையிலிருந்த ரிவிட்டைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். வீட்டம்மாவிடம் போட்டுக் கொடுத்தால் அந்த வீட்டு லாரி ஒன்றுகூட இனி இந்தப் பக்கம் வராது.

"இல்லம்மா... அசையவே மாட்டேங்குதும்மா. நானே சம்மட்டியால அடிச்சுப் பார்த்துட்டேன், கை வீங்கினதுதான் மிச்சம்... சேச்சே, அவன் மேல தப்பில்லைம்மா... என்னது? நாளைக்கு நீயே வந்து பார்க்கறியா?"

போனை வைத்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. மறு நிமிடம் பட்டறையே அதிருகிற மாதிரி கத்தினார்.

"தொழில் தெரிஞ்சவன் பண்ற வேலையாய்யா இது? முதல்ல அந்த கிரீஸைத் துடை! நாளைக்கு அவளே வந்து சம்மட்டியால அடிச்சாலும் அசையாத மாதிரி இதை இறுக்கி அடி!"